அப்பாவின் 64 கேசட்டுகள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி:

திருச்சியில் வங்கி வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. ஐப்பசியில் அப்பாவுக்குப் பீமரத சாந்தி. அதற்குள் பரணில் கிடக்கும் அவருடைய 64 கேசட்டுகளையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்க ஆசை. பாதிக்கு மேல், பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை. ஏழெட்டு, இலங்கை வானொலியிலிருந்து அப்பாவே பிடித்தவை. ஒன்றில் தாத்தா பேசியிருக்கிறார். இன்னொன்றில் அத்தை கல்யாண நாதஸ்வரம். மீதி கடையில் வாங்கியவை.

ஆன்லைனில் ஒரு யூஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கினேன். முதல் கேசட் வேகமாக ஓடி, பாடியவர் குரலே மாறிப்போனது; கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல மந்தம் வேறு. இரண்டாவது கேசட்டின் நாடாவை அது சாப்பிட்டுவிட்டது. அடுத்து, அப்பாவின் பழைய டூ-இன்-ஒன்னை லேப்டாப்பின் மைக் துளையில் இணைத்தேன். ஒரே கரகரப்பு, பாதி வாத்தியங்களைக் காணோம், வயலின் நீளமாக இழுக்கும் இடத்தில் சத்தம் தானாகத் தேய்ந்துபோகிறது. பதிவை ஆரம்பித்ததும் ப்ளூடூத் ஹெட்போனில் எல்லாம் போனில் பேசுவதுபோலக் கேட்கிறது. நடுவில் லேப்டாப்பும் தூங்கிவிட்டது. வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் என் கையில். இது ஆகிற காரியமா?

பதில்:

ஆகும். ஆனால் 64-ஐயும் மாற்றப்போவதில்லை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், சகோதரி.

போட்டோவை ஸ்கேன் செய்வதுபோல இதைச் சட்டென்று முடிக்க முடியாது. நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடும், அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் கொடுத்தே ஆகவேண்டும். 60-ம் 90-ம் கலந்த 64 கேசட் என்றால் ஓட்டம் மட்டுமே 64 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் நடுவில் வரும். பக்கம் திருப்புவது, நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது, பாட்டுப் பாட்டாக வெட்டிப் பெயர் வைப்பது எல்லாம் அதற்கு மேல். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் ஒதுக்கி ஆடியில் ஆரம்பித்தாலும் முடிவதற்குள் தை பிறந்துவிடும்.

ஆகவே பிளேயரைத் தொடுவதற்கு முன் கேசட்டுகளைத் தரையில் பரப்பிப் பிரியுங்கள். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை ஒரு பக்கம்: தாத்தா குரல், அத்தை கல்யாண நாதஸ்வரம், வானொலியில் பிடித்தவை. இலங்கை வானொலிக் கேசட்டை "எல்லாம் யூடியூபில் இருக்கிற பாட்டுதானே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாட்டு இருக்கும்; இரண்டு பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ அன்றைக்குப் பேசிய அரை நிமிடம் உங்கள் பரணில் மட்டும்தான் இருக்கலாம். அப்பா அதைத்தான் தேடிக் கேட்பார். பாட்டு வந்ததும் அவசரமாகப் பட்டனை அமுக்கியிருந்தால், தலைப்பாதி வெட்டுப்பட்ட அறிவிப்பும் அதில் இருக்கும். அதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளில் இருக்கும் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும், அதுவும் உங்கள் நாடாவைவிட நல்ல தரத்தில். அந்தக் கேசட்டில் அப்பாவுடையது என்று இருப்பது வரிசை. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் தொடக்க இசை மனதுக்குள் ஓட ஆரம்பிக்கும் அல்லவா, அந்த வரிசை. பெட்டிக்குள் இருக்கும் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு, கால் மணி நேர வேலை; பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கவனம் ஒன்று வேண்டும்: அதே பெயரில் வேறொருவர் பாடிய பதிப்பும், எதிரொலி சேர்த்து "புதுப்பித்த" பதிப்பும் தேடலில் முதலில் வந்து நிற்கும். படத்தின் பெயர், பாடியவர், நீளம் மூன்றையும் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடியும் கிடைக்காத பாட்டை மட்டும் குறித்து வையுங்கள். அதற்காக அந்தக் கேசட்டின் அந்த ஐந்து நிமிடத்தைப் பதிந்தால் போதும்.

கடையில் வாங்கியவற்றிலும் இதே கதைதான். சினிமாப் பாட்டை விடுங்கள். ஒலிச்சித்திரம், நாடகம், பட்டிமன்றம், ஊர்க் கோயில் பக்திப் பாட்டு ஆகியவற்றைத் தேடிப் பார்த்து, இல்லாததை மட்டும் முதல் குவியலுக்கு மாற்றுங்கள். இப்படிப் பிரித்தால் உங்கள் 64 பதினைந்து பதினாறாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறேன். வார நாளில் இரண்டு இரவு ஒவ்வொன்று, ஞாயிறு இரண்டு என்று போனால் நான்கு வாரம். சுணக்கத்துக்கு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கருவிக்கு வருவோம். நீங்கள் வாங்கிய மாதிரி கையடக்க யூஎஸ்பி பிளேயரைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். குறை உங்கள் கைப்பழக்கத்தில் இல்லை. நாடாவைச் சீராக இழுப்பது கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புத் தண்டு. அதன் அடியில் கனமான ஒரு சக்கரம் இருந்தால்தான் வேகம் ஆடாது. மலிவான பிளேயர்களில் அந்தச் சக்கரம் பேருக்குத்தான் இருக்கும், மோட்டாரும் சிறியது, வேகத்தைத் தொழிற்சாலையில் சரிபார்ப்பதும் அபூர்வம். அதனால்தான் குரல் மெலிகிறது, நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் அலைபோல நடுங்குகிறது.

தேவை, பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக லைன் அவுட் துளை உள்ள ஒரு பழைய டெக், அதாவது ஸ்டீரியோ செட்டோடு இணைக்கும் கேசட் பிளேயர். சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு இரவல் கேளுங்கள். பல வருடம் ஓடாத டெக்கில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ தாராய் உருகியோ போயிருக்கும். பிளே போட்டால் மோட்டார் சத்தம் மட்டும் வந்து சக்கரம் சுற்றவில்லை என்றால் அதுதான் காரணம். பழைய டேப் ரெக்கார்டர் பார்க்கும் மெக்கானிக்கிடம் பெல்ட்டையும், நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையையும் மாற்றச் சொல்லுங்கள். பாகம் கிடைக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கச் சொல்லலாம். டெக்கே கிடைக்காவிட்டால் அப்பாவின் டூ-இன்-ஒன் போதும்: ஹெட்போன் துளையிலிருந்து எடுங்கள், டோனை நடுவில் வையுங்கள், வால்யூமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன் சுத்தம். நிறம் சேர்க்காத, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஹெட்டின் பளபளப்பான முகத்தையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக ஒட்டுவது நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை துடைக்கவேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்த துணி போதும். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பல நேரங்களில் "கம்பளி" இந்த ஒரு துடைப்பிலேயே விலகிவிடும்.

விலகவில்லை என்றால் மூன்று இடங்களில் பாருங்கள். டெக்கில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு ஸ்விட்ச் போட்டிருக்கிறதா? டால்பி போட்டுப் பதியாத கேசட்டை டால்பி போட்டு ஓட்டினால் சலங்கை, தாளம் எல்லாம் மங்கும். அணைத்துவிடுங்கள். இரண்டாவது, கேசட்டின் வாயில், செம்புப் பட்டை நடுவில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா? நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து விழுந்திருக்கும். சத்தம் ஏறி இறங்கி, மெலிந்து வரும். இதற்கு மருந்து, கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு மாற்றுவது, கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினின் ஹெட் ஒரு கோணத்தில் நின்றிருக்கும், உங்கள் டெக்கின் ஹெட் மயிரிழை வேறு கோணத்தில் நிற்கும். அந்த மயிரிழை போதும், கூர்மையான ஒலிகள் எல்லாம் மழுங்கிவிடும். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளிலும் வீட்டில் பதிந்தவற்றிலும் இது மிகச் சாதாரணம். ஹெட்டின் ஒரு பக்கத்தில், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த சிறு திருகு இருக்கும்; பல டெக்குகளில் கேசட் மூடியைக் கழற்றினால் தெரியும். கேசட்டை ஓடவிட்டு, காந்தம் ஏறாத சிறிய ஸ்க்ரூடிரைவரால் அந்தத் திருகை மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாக, முன்னும் பின்னும் திருப்புங்கள். தாளமும் "ஸ", "ஷ" ஒலிகளும் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்டீரியோவில் கேட்பதைவிட இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டால் மாற்றம் பளிச்சென்று தெரியும். கோணம் தவறினால் இடதும் வலதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்குவதுதான் காரணம். தொடங்கும் முன் திருகின் பழைய நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், இரவல் டெக் என்றால் மறக்காமல். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள டெக்காக இருந்தாலும் கேசட்டைக் கையால் எடுத்துத் திருப்பிப் போடுங்கள். தலைகீழ் ஓட்டத்தில் அந்தக் கோணம் மாறிவிடும்.

வானொலிக் கேசட்டுகளில் மட்டும் கூர்மையை எதிர்பார்க்காதீர்கள். மீடியம் வேவும் சிற்றலையும் கொண்டுவந்ததே சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்குள்தான். அதற்கு மேல் ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் வரும்.

அடுத்தது லேப்டாப். நீங்கள் எழுதிய தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு. மைக் துளை, மைக் தரும் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. டேப் ரெக்கார்டர் அதைவிடப் பல மடங்கு அனுப்புகிறது. வாசலுக்குள் நுழையமுடியாமல் ஒலியின் உச்சி வெட்டுப்படுகிறது, அதுதான் கரகரப்பு. லேப்டாப் மைக் துளை பெரும்பாலும் மோனோ. இடது பக்கம் மட்டும் உள்ளே போயிருக்கிறது, வலது பக்கத்தில் வாசித்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். வயலின் தேய்ந்தது விண்டோஸின் கைங்கரியம். மைக்கில் வரும் சீரான, நீளமான ஒலியை மின்விசிறி, ஏசி இரைச்சல் என்று நினைத்து அமுக்கும் வசதி அதில் உண்டு. ஆபீஸ் மீட்டிங்கில் நல்லது செய்யும் அதே வசதி, தம்புராவையும் வயலினின் நீண்ட வில் இழுப்பையும் இரைச்சல் கணக்கில் எழுதிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு, லைன் இன் உள்ள ஒரு சிறிய யூஎஸ்பி ஆடியோ பெட்டி. பெரிங்கர் யூசிஏ202 இந்த வேலைக்குப் பலரும் வைத்திருப்பது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, சிவப்பு வெள்ளைத் துளைகளோடு இருக்கும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். கேசட்டுக்கு அது தாராளம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இதன் இன்புட்டுக்கு வயர், இதிலிருந்து லேப்டாப்புக்கு யூஎஸ்பி. அவ்வளவுதான் இணைப்பு. ஆபீஸ் லேப்டாப்பில் முயற்சி செய்யவேண்டாம். வங்கி லேப்டாப்புகளில் யூஎஸ்பியும் புதிய சாஃப்ட்வேரும் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஐ.டி. பிரிவுக்கு விளக்கம் எழுதும் வேலைதான் மிஞ்சும். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும்.

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங் சாதனமாக அந்த யூஎஸ்பி பெட்டியையும், சேனலில் ஸ்டீரியோவையும் தேர்ந்தெடுங்கள். பெட்டியை நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் வாட்ஸ்அப்பின் "டிங்" பதிவுக்குள் வராது. சாம்பிள் ரேட் 44,100. விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் அந்தப் பெட்டிக்குரிய பக்கத்தைத் திறந்து "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்" என்று இருப்பதை அணையுங்கள். பவர் அமைப்பில் ஸ்லீப்பை, கரண்டில் ஓடும்போதும் பேட்டரியில் ஓடும்போதும், "நெவர்" என்று மாற்றுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனுக்கு இரண்டு முகம் உண்டு. பாட்டு மட்டும் கேட்கும்போது ஒன்று. அதன் மைக்கை யாராவது கேட்ட உடனே போன் பேசும் முகத்துக்கு மாறிவிடும், தரமும் மோனோவாகக் கீழே விழும். ஆடாசிட்டி பதிவைத் தொடங்கியதும் ஹெட்போனின் மைக்கைத் திறந்திருக்கிறது. யூஎஸ்பி பெட்டியை இன்புட்டாக வைத்தாலே பெரும்பாலும் இது தீரும். ஆனாலும் இந்த வேலைக்கு வயர் உள்ள ஹெட்போனை அந்தப் பெட்டியிலேயே செருகிக் கேட்பதுதான் உத்தமம். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், திருகைத் திருப்பும்போது எது எதனால் மாறியது என்று புரியாது. ஆபீஸ் மீட்டிங்கிலும் இதே ப்ளூடூத் தொல்லை இருந்தால், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

"ம்ம்ம்" என்று அடியில் ஓர் ஒலி தொடர்ந்து கேட்டால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். டெக், லேப்டாப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் பதியும் நேரத்துக்குச் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், ஒரு பக்கத்துக்குப் பேட்டரி தாங்கும்.

வார நாள் இரவுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் கேசட்டை டெக்கில் போட்டு, முழுதாக ஒருமுறை முன்னோக்கி வேகமாகச் சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா தளர்ந்து சீராகும். நடுவில் சத்தமான இடமாக இரண்டு நிமிடம் ஓட்டி, ஆடாசிட்டியின் மீட்டரில் உச்சி −6 டெசிபலைத் தொட்டால் போதும் என்று பாருங்கள். பூஜ்யத்தை முட்டினால் பிறகு எதைச் செய்தும் சரிசெய்ய முடியாது, குறைவாகப் பதிந்ததைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். டைமர் ரெக்கார்டில் நேரத்தைக் கொடுங்கள்: 60 கேசட்டின் ஒரு பக்கத்துக்கு 32 நிமிடம், 90-க்கு 48. கம்பெனிகள் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகவே சுற்றியிருப்பார்கள். பிறகு மாவை எடுத்து வெளியே வைத்து, சட்னி அரைக்கப் போகலாம், மிக்ஸி அதே பலகையில் இல்லாத வரை. போனில் அலாரம் அடித்ததும் வந்து, பதிந்ததைச் சேமித்து, பக்கத்தைத் திருப்புங்கள். பாட்டு வெட்டும் வேலையை இரவில் செய்யாதீர்கள். கேசட் ஓடுவது ஒரு நாள், வெட்டுவது ஞாயிறு. தூக்கக் கண்ணோடு வெட்டினால் பல்லவியின் முதல் எழுத்து போய்விடும்.

ஞாயிறு காலை ஆடாசிட்டியைத் திறந்தால், கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோடாகத் தெரியும். பாட்டுக்கு நடுவே அலை மெலிந்திருக்கும் இடங்களில் லேபிள் வைத்து, லேபிள்படி தனித்தனி ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம். முழுப் பக்கத்தை வெட்டாமல், எதையும் தொடாமல், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் ஒரு மூலப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைப்பு, வேகத் திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான். சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஃப்ளாக்கில் அது பாதியளவாகும். உங்கள் பதினாறு கேசட்டும் சேர்ந்தே சில ஜிபிதான்.

இரைச்சல் குறைப்பில் பேராசை வேண்டாம். பாட்டில்லாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். 20 வைத்தால் "ஸ்ஸ்" என்ற ஒலி போகும், கூடவே குரல் தண்ணீருக்குள் முங்கிப் பேசுவதுபோல ஆகிவிடும். தாத்தா கேசட்டுக்கு இதைத் தொடவே வேண்டாம் என்பேன். அவர் பேசும்போது பின்னால் கேட்கும் அந்த வீட்டின் சத்தமும் பதிவில் சேர்ந்ததுதான்.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. கேசட்டிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கும் ஒரே பதிவை எடுங்கள். மொத்த நீளத்தை ஒப்பிடாதீர்கள், முடிவில் மங்கும் நேரம் மாறும். பல்லவியின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சரணத்தின் முதல் சொல் வரை இரண்டிலும் அளந்து பாருங்கள். சரியான பதிவில் 270 விநாடி, உங்கள் பதிவில் 260 என்றால் நாடா கிட்டத்தட்ட 4 சதவீதம் வேகம். 6 சதவீதம் என்பது அரைக் கட்டை. ஆக ஒரு கட்டையில் பாடியவர் உங்கள் பதிவில் ஒன்றரையை நெருங்கிப் பாடிக்கொண்டிருக்கிறார். வேகத்தை மாற்றும் எஃபெக்டில் 260-ஐ 270-ஆல் வகுத்து வரும் 0.963-ஐக் கொடுத்தால் சுருதியும் காலமும் சேர்ந்தே சரியாகும். ஒரே டெக்கில் ஓட்டிய மற்ற கேசட்டுகளுக்கும் இதே எண் பெரும்பாலும் பொருந்தும். வீட்டில் பதிந்தவற்றில் மட்டும் பதிந்த மெஷினின் வேகமும் கலந்திருக்கும் என்பதால் தனியாகப் பார்க்கவேண்டும்.

அப்பாவுக்குக் கொடுக்கும் பென்டிரைவில் 192 அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும். கார் ஸ்டீரியோவிலோ, யூஎஸ்பி துளை உள்ள சரிகம கேரவான் மாதிரிப் பாட்டுப் பெட்டியிலோ போடுவதானால் பென்டிரைவை 32 ஜிபிக்குள் வாங்கி, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அதனால் அதில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர். பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டால் வரிசை குலையாது. மூலப் பிரதி மூன்று இடத்தில் இருக்கட்டும்: உங்கள் லேப்டாப், வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி யாராவது ஒருவர் வீடு.

சாப்பிடப்பட்ட கேசட்டுக்கு வருகிறேன். அது இன்னும் பிளேயருக்குள்ளேயே சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, உருளையை விரலால் எதிர்த் திசையில் சுற்றி நாடாவை விடுவியுங்கள். கேசட்டின் பல்சக்கரத்தில் ஆறு பட்டைப் பென்சிலைச் செருகிச் சுற்றினால் உள்ளே போய்விடும், முறுக்கு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். சுருங்கிய இடத்தில் சத்தம் கொஞ்சம் தடுமாறும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அறுந்திருந்தால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை வழிந்து அடுத்த சுற்றில் ஒட்டி, அங்கேயும் கிழிக்கும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை, ஹெட்டைத் தொடும் வெளிப்பக்கத்தில் அல்லாமல் உட்பக்கத்தில் ஒட்டவேண்டும்.

கேசட்டின் ஓடு மாற்றுவதற்கு, ஐந்து திருகு போட்ட ஏதாவது ஒரு வேண்டாத கேசட்டைப் பலி கொடுங்கள். மேஜையில் படுக்கவைத்துத் திறந்ததும் முதலில் போட்டோ எடுங்கள்: இரண்டு மூலையில் உருளைகள், நடுவில் கம்பளித் துண்டு, மேலும் கீழும் வழுவழுத் தாள். நாடா எதன் வழியாகப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். உங்கள் நாடாச் சுருள் இரண்டையும் சேர்த்துத் தூக்கி அங்கே வையுங்கள். திருகு இல்லாமல் ஒட்டி மூடிய பழைய ஓடு என்றால் கத்தியால் நெம்பும்போது நாடா வெட்டுப்படும் ஆபத்து உண்டு, அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தனிக் கவரில் போட்டு வையுங்கள். ஓடும்போது கீச்சென்று கத்துகிற கேசட்டையும் உடனே நிறுத்துங்கள். இணையத்தில் "ஓவனில் சூடுபடுத்தினால் சரியாகும்" என்பார்கள். அது குறிப்பிட்ட சில ஸ்பூல் நாடாக்களுக்குச் சொன்னது, உங்கள் கேசட்டில் முயற்சி செய்யவேண்டாம். இந்த இரண்டு வகையும் ஒலி ஆவணம் பார்க்கும் நிபுணரிடம் போகவேண்டியவை.

முதலில் ஓட்டவேண்டியது, ஸ்ட்ரீமிங்கில் முழுதாகக் கிடைத்துவிட்ட ஒரு ரெக்கார்டிங் சென்டர் கேசட். போனால் போகிறது என்று இருக்கும் ஒன்றில்தான் கை பழகவேண்டும். அடுத்து வானொலி இரண்டு, பிறகு நாதஸ்வரம். தாத்தா கேசட் ஐந்தாவதாக வரட்டும். அதுவரை அதை டெக்கில் போடாமல் வையுங்கள், ஆனால் ஒரு வேலையை இன்று இரவே செய்துவிடுங்கள். கேசட்டின் வாய் கீழே இருக்கும்படி பிடித்தால் மேல் விளிம்பில், இரண்டு மூலையிலும் சிறிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். இடது பக்கத்தது உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு, வலது பக்கத்தது பின்பக்கத்துக்கு. இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு யார் தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அது இறங்காது.